வாசல் கேமரா திக்கும்போது: ரூட்டரை அணைப்பதற்கு முன்

கேமராவில் படம் நின்றுவிட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் செய்கிற முதல் வேலை ரூட்டரை அணைத்துப் போடுவது. போட்டதும் பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு மறுபடியும் திரை நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கும். இரண்டாவது வேலை, கேமரா விற்றவரைத் திட்டுவது. மூன்றாவதாக என்னைக் கூப்பிடுவார்கள். நான் கேமரா தொழில் செய்பவன் அல்ல. வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய வீட்டில் மூன்று கேமராக்களை வைத்துக்கொண்டு ஓராண்டு மல்லுக்கட்டியவன், அவ்வளவுதான். அந்த மல்லுக்கட்டில் தெரிந்துகொண்டதை, கேமராவை யாரோ பொருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், அமைப்புகள் பக்கத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள்.

முதல் படி: எங்கே அறுகிறது?

கேமரா படம் பிடித்து அதைச் சுருக்குகிறது. சுருக்கியதை வயர் வழியாகவோ வைஃபை வழியாகவோ ரூட்டருக்கு அனுப்புகிறது. ரூட்டர் அதை இணையத்தில் ஏற்றுகிறது. கைபேசி அதை இறக்கி, விரித்து, காட்டுகிறது. இந்த நான்கில் எது அறுந்தாலும் திரையில் தெரிவது அதே சுற்றும் வட்டம்தான். அதனால் வட்டத்தைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். மூன்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் போதும்.

வீட்டு வைஃபையில் கைபேசியை இணைத்து, ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று கேமராவைத் திறந்து பாருங்கள். ஒரே வைஃபையில் இருந்தால் பல செயலிகள் வெளியே போகாமல் நேராகவே கேமராவோடு பேசும். அடுத்து வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வீட்டுக்குள் சரளமாக ஓடி, டேட்டாவில் மட்டும் திக்கினால் கேமராவின் மீது குற்றமில்லை. வீட்டு இணைப்பின் ஏற்று வேகமோ கைபேசியின் டேட்டாவோதான் காரணம். இரண்டிலுமே திக்கினால் சிக்கல் வீட்டுக்குள்ளே இருக்கிறது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. படம் திக்கிய நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கேமராவில் மெமரி கார்டு இருந்தால் அதே நேரத்துப் பதிவை எடுத்துப் பாருங்கள். செயலியிலேயே ஓட்டிப் பார்த்தால் அதுவும் அதே வைஃபை வழியாகத்தான் வரும், அதுவும் திக்கும், நீங்கள் ஏமாறுவீர்கள். பதிவைக் கைபேசியில் முழுதாக இறக்கிக்கொண்டு பாருங்கள், அல்லது கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பாருங்கள். பதிவு சுத்தமாக இருந்தால் கேமரா தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, வழியில்தான் படம் சிதறியிருக்கிறது. பதிவிலேயே இடைவெளியும் கட்டம் கட்டமான சிதறலும் இருந்தால் கேமரா, அதன் மின்சாரம், அல்லது கார்டு. அப்போது இணைய இணைப்பு கொடுத்தவரோடு தொலைபேசியில் சண்டை போடுவது வீண்.

இதைச் செய்யாமல் நேராக அமைப்புகளுக்குள் போனவன் நான். ஒரே மாலையில் ஆறு இடங்களில் எண்களை மாற்றினேன். படம் சரியாகிவிட்டது. எதனால் சரியானது என்று தெரியவில்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் கெட்டபோது எதைத் திருப்பி வைப்பது என்றும் தெரியவில்லை. அதன் பிறகு இரண்டு விதிகளை விட்டதே இல்லை: அமைப்புப் பக்கம் ஒவ்வொன்றையும் முதலில் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓர் இரவு கடந்த பிறகே அடுத்ததைத் தொடுவது.

இரண்டாம் படி: மின்சாரமும் வயரும்

காசிமேட்டில் என் அத்தை வீட்டுக் கேமரா பகலெல்லாம் கண்ணாடி போல் ஓடும். சாயங்காலம் ஆறரை ஆனால் போய்விடும். இரண்டு நிமிடம் கழித்துத் தானாக வரும், மறுபடியும் போகும். விடிந்தால் சரியாகிவிடும். "இருட்டைக் கண்டால் பயப்படுகிறது" என்று அத்தை சிரித்தார். சொன்னது ஒருவகையில் உண்மைதான்.

இருட்டியதும் கேமரா தன்னைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொள்கிறது. அந்த விளக்குகளுக்குப் பகலை விட அதிக மின்சாரம் வேண்டும். அத்தை வீட்டில் 12 வோல்ட் அடாப்டர் கூடத்தில் மாட்டியிருந்தது. அங்கிருந்து மெல்லிய வயர் ஒன்று மாடிப்படி ஏறி, சன்னல் வழியாக இறங்கி வாசலுக்குப் போனது. கேமரா முனையில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பகலில் 11.4 வோல்ட் காட்டியது. கேமராவின் முகத்தைத் துணியால் மூடி அதை இரவு என்று நம்பவைத்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். மீட்டரில் எண் 9-க்குக் கீழே சரிந்தது. கேமரா அணைந்து மீண்டும் எழுந்தது. நீளமான மெல்லிய வயரில் மின்னழுத்தம் வழியிலேயே கரைகிறது. அடாப்டரை மழை படாத ஒரு பெட்டிக்குள் வைத்து வாசலுக்கு அருகே கொண்டுவந்ததோடு தீர்ந்தது. அமைப்புகளில் ஒரு எண்ணைக்கூட நான் தொடவில்லை.

ஆகவே இரவில் மட்டும் அணைந்து எழும் கேமராவுக்கு முதல் சந்தேகம் அடாப்டர் மீதுதான். கேமராவின் அடியிலுள்ள சீட்டில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். அடாப்டரின் வோல்ட் அதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். 5 வோல்ட் கேமராவில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

அதே அத்தை வீட்டில் இன்னொன்றும் கண்டேன். துறைமுகத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியது அது. கேமராவிலிருந்து தொங்கும் வால் போன்ற வயரின் முனையில் நெட்வொர்க் வயர் சேரும் இடம் இருக்கும். உப்புக்காற்று அங்கேதான் முதலில் வேலையைக் காட்டும். செருகியைக் கழற்றிப் பார்த்தால் பொன்னிறக் கம்பிகள் பச்சை பிடித்திருக்கும். தொடர்பு விட்டுவிட்டு வரும். படம் நொடிக்கொருமுறை உறையும். பச்சை பிடித்த முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் செருகியை அடியுங்கள். கேமராவோடு வந்த ரப்பர் மூடியை இம்முறையாவது போடுங்கள். அந்த மூடி பெரும்பாலும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

நெட்வொர்க் வயர் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. வீடுகளில் அவ்வளவு நீளம் வராது. ஆனால் மலிவு வயர் வேறு கதை. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியதை விற்கிறார்கள். அதே வயரில் மின்சாரமும் போகிற பி.ஓ.இ. வகைக் கேமராவுக்கு அது ஆகாது. வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் படி: வைஃபை

எங்கள் தெருவில் நின்று கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயர்களுக்கு மேல் வரும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், மாடிக்கு ஒரு குடித்தனம், குடித்தனத்துக்கு ஒரு ரூட்டர். வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. இருபது ரூட்டர்களும் இந்த மூன்றில்தான் நெருக்கியடித்து நிற்க வேண்டும். எல்லோரும் வீடு திரும்பி டிவியையும் கைபேசியையும் திறக்கிற இரவு எட்டு மணிக்கு உங்கள் கேமரா திக்கினால் இதுவே காரணமாக இருக்கலாம்.

வைஃபை அலசும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று பாருங்கள். ரூட்டரின் பக்கத்துக்குள் போய்ச் சேனலை ‘ஆட்டோ’விலிருந்து அந்த எண்ணுக்கு மாற்றுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 என்று வைத்தால் நெரிசலான தெருவில் நீங்களே அடுத்த வீட்டுக்காரரை இடிக்கிறீர்கள், அவரும் உங்களை இடிக்கிறார். வீட்டில் இருக்கும் கைபேசி, டிவி போன்றவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் 2.4-இல் கேமராவுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

பிறகு சிக்னல். கேமரா மாட்டியிருக்கும் இடத்தில் கைபேசியைப் பிடித்து அதே செயலியில் எண்ணைப் பாருங்கள். அது மைனஸில் வரும். மைனஸ் 60 என்றால் நல்லது. மைனஸ் 70 என்றால் ஓட்டலாம். மைனஸ் 80 என்றால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. எங்கள் வீட்டின் சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி கனம். கூடத்தில் ரூட்டருக்கு எதிரே மைனஸ் 40. சுவருக்கு அந்தப் பக்கம், வெறும் ஆறு அடி தூரத்தில், மைனஸ் 74. இரும்புக் கதவு இன்னும் மோசம். ரூட்டரை நாலடி நகர்த்தி சன்னலுக்கு நேரே வைத்ததும் 66-க்கு வந்தது. ரிப்பீட்டர் வாங்குவதற்கு முன் ரூட்டரை நகர்த்திப் பாருங்கள், செலவில்லை. நிரந்தரமாக ஒரே இடத்தில் நிற்கப் போகிற கேமராவுக்கு வயர் இழுப்பதுதான் உத்தமம் என்பது என் கருத்து. வைஃபை என்பது நகரும் பொருளுக்கு.

நான்காம் படி: இப்போது அமைப்புகளுக்குள்

இதுவரை சொன்னவை சரியாக இருந்தும் படம் திக்கினால் மட்டும் செயலியிலோ கணினியில் கேமராவின் பக்கத்திலோ ‘வீடியோ’ என்ற பகுதியைத் திறங்கள். சிறிய வீட்டுக் கேமராக்களின் செயலியில் எச்.டி., எஸ்.டி. என்ற இரண்டு பொத்தான்களுக்கு மேல் எதுவும் இருக்காது. அந்த வகை என்றால் எஸ்.டி.யில் ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு இந்தப் படி அதோடு முடிந்தது.

மற்றவற்றில் முதலில் மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் என்று இரண்டு இருக்கும். கேமரா ஒரே காட்சியை இரண்டு கனத்தில் அனுப்புகிறது. மெயின் என்பது பதிவுக்கு. சப் என்பது கைபேசியில் எட்டிப்பார்ப்பதற்கு. பதிவு மெயினில் நடக்கட்டும், நேரலையைச் சப்பில் பாருங்கள். நான்கு கேமராக்களை ஒரே திரையில் கட்டம் கட்டமாகப் பார்க்கும்போது நான்கும் மெயினில் இருந்தால் கைபேசி சூடேறித் திணறும். கட்டைவிரல் அளவுக் கட்டத்துக்கு 1080 வரிப் படம் எதற்கு?

அடுத்தது பிட்ரேட். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் எண் இதுதான். ஆனால் எல்லோரும் ரெசல்யூஷனைத்தான் பார்க்கிறார்கள். பிட்ரேட் என்பது நொடிக்கு எவ்வளவு தகவலைக் கேமரா வெளியே தள்ளலாம் என்ற வரம்பு. 4096 கே.பி.பி.எஸ். (நொடிக்கு 4096 கிலோபிட்) என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 1.8 ஜி.பி., ஒரு நாளைக்கு 43 ஜி.பி. 128 ஜி.பி. கார்டு மூன்று நாள்கூடத் தாங்காது. 2048 என்று வைத்தால் அதில் பாதி. கார்டு ஐந்து நாளுக்கு மேல் வரும். மூன்று கேமராக்கள் 4096-இல், பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ரெக்கார்டர் பெட்டி ஒன்றுக்கு வைஃபையில் அனுப்பினால் 12 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 12 மெகாபிட்) இடைவிடாமல் காற்றில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மேலே சொன்ன நெரிசலில் அது நடக்காது.

ஃபிரேம் ரேட் இதோடு பின்னிப் பிணைந்தது. நொடிக்கு எத்தனை படம் என்பது அது. லாரித் தண்ணீரை 25 குடத்தில் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் அடி நனையும். அதே தண்ணீரை 15 குடத்தில் ஊற்றினால் கழுத்து வரை வரும். 2048-ஐ 25 படங்களுக்குப் பிரித்தால் படத்துக்குச் சுமார் 10 கிலோபைட். 15 படங்களுக்குப் பிரித்தால் சுமார் 17 கிலோபைட். வாசலில் வந்து நிற்பவரின் முகம் தெரிய 15 படம் தாராளம். நான் 12-இல் கூட வைத்திருக்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி கடை வைத்திருந்து, ஓடும் வண்டிகளைப் பார்க்க வேண்டுமானால் 25 வைத்துக்கொள்ளுங்கள். பிட்ரேட்டையும் அதற்கேற்ப உயர்த்துங்கள்.

1080 கேமராவுக்கு நான் தொடங்கும் எண்கள்: சுருக்கும் முறை எச்.264 என்றால் 15 ஃபிரேம், பிட்ரேட் 2048; எச்.265 என்றால் 15 ஃபிரேம், பிட்ரேட் 1024. சப் ஸ்ட்ரீமுக்கு 640க்கு 360, 10 ஃபிரேம், 256 அல்லது 384. இதில் படம் சரளமாக ஓடினால், பிறகு மெயினின் பிட்ரேட்டை 512, 512 ஆக ஏற்றிப் பாருங்கள். மேலிருந்து இறங்குவதை விடக் கீழிருந்து ஏறுவது எளிது.

எச்.264, எச்.265 என்பவை சுருக்கும் முறைகள். முன்னது 2003-ஆம் ஆண்டிலும் பின்னது 2013-லும் வந்தவை. பின்னது ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும். ஆனால் விரித்துக் காட்டும் கருவிக்கு வேலை அதிகம். அப்பாவின் பழைய கைபேசியில் படம் கறுப்பாக வருகிறது, உங்கள் புதிய கைபேசியில் நன்றாக ஓடுகிறது என்றால் இதுதான் காரணம். கணினியில் பிரவுசரில் மட்டும் கறுப்பாக இருந்தாலும் அப்படியே. பதிவு எச்.265-இல் இருக்கட்டும், சப் ஸ்ட்ரீமை எச்.264-க்கு மாற்றிவிடுங்கள், இரு தரப்புக்கும் நல்லது. பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டோ ‘ஸ்மார்ட்’ என்று சேர்த்தோ வரும் வகை ஒன்று உண்டு. அது அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கைவேலை. வேறு நிறுவன ரெக்கார்டரில் அது துள்ளும். சந்தேகம் வந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

ஐ-ஃபிரேம் இடைவெளி என்று ஓர் எண் இருக்கும். யாரும் தொடுவதில்லை. ஆனால் படம் சாம்பல் நிறத்தில் வழிந்து, நடந்து போகிறவரின் உடல் மெழுகு போல் இழுபட்டு, சில நொடிகளில் சட்டென்று சரியாகிறது என்றால் இதைப் பார்க்க வேண்டும். கேமரா ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. மளிகைக் கடைக் கணக்கு மாதிரி. காலையில் ஒருமுறை சரக்கு இருப்பை முழுதாக எழுதிவிட்டு, பிறகு வரவும் விற்பனையும் மட்டும் குறித்துக்கொண்டே போகிறோம் அல்லவா? நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் மறுநாள் இருப்பு எடுக்கும் வரை அதற்குப் பின் வரும் கணக்கெல்லாம் தப்பு. ஐ-ஃபிரேம் என்பது அந்த முழு இருப்பு. வைஃபையில் ஒரு துண்டு தொலைந்தால் அடுத்த முழுப்படம் வரும் வரை சேறுதான். இடைவெளியை ஃபிரேம் ரேட்டைப் போல் இரு மடங்காக வையுங்கள். 15 ஃபிரேம் என்றால் 30. இரண்டு நொடிக்கு ஒருமுறை முழுப்படம் வரும். கேமராவைத் திறந்ததும் படம் வரத் தாமதமாவதும் இதனால் குறையும். ரெக்கார்டரிலோ கணினி மென்பொருளிலோ யு.டி.பி., டி.சி.பி. என்று தேர்வு இருந்தால் டி.சி.பி. வையுங்கள், தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கும் வகை அது. கொஞ்சம் தாமதம் கூடும், சேறு குறையும்.

சி.பி.ஆர்., வி.பி.ஆர். என்பதில் முன்னது பிட்ரேட்டை ஒரே அளவில் வைப்பது, பின்னது தேவைக்கேற்ப ஏற்றி இறக்குவது. பின்னது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். வி.பி.ஆர். உச்சவரம்பை 6144 என்று தாராளமாக வைத்திருந்தேன். பகலில் சந்து சும்மா கிடக்கும்போது 800-ஐத் தாண்டவில்லை. இரவில், யாருமே நடக்காத இரண்டு மணிக்கு, 6000-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏன்? இருட்டில் கேமரா ஒளியைப் பெருக்கும்போது படம் முழுதும் புள்ளிப் புள்ளியாகக் குருணை வருகிறது. ஒவ்வொரு குருணையும் துள்ளுகிறது. கேமராவுக்கு அதெல்லாம் அசைவு. தெரு முழுக்கக் கூட்டம் ஓடுவதாக நினைத்து அத்தனையையும் அனுப்பப் பார்க்கிறது. வைஃபை மூச்சுத் திணறுகிறது. வரம்பை 2048-க்கு இறக்கினேன், இரைச்சல் குறைப்பு என்ற அமைப்பை ஒரு படி ஏற்றினேன். பாதி சரியானது. மீதிப் பாதியைச் சரிசெய்தது வாசலில் மாட்டிய ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு. வெளிச்சத்தை விட நல்ல அமைப்பு எந்தக் கேமராவின் பக்கத்திலும் இல்லை.

ஒலியை அணைத்தால் மிச்சமாவது சில்லறைதான். புரொஃபைல் என்று ஒன்று இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

கணினி இருப்பவர்களுக்கு ஒரு சோதனை. வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் ‘நெட்வொர்க் ஸ்ட்ரீம்’ திறக்கும் வசதி இருக்கிறது. படத்தை நேராக அனுப்பும் முறையான ஆர்.டி.எஸ்.பி.யில் கேமராவுக்கு ஒரு முகவரி இருக்கும், அதை அங்கே கொடுத்தால் செயலியின் தயவில்லாமல் படத்தை நேராகப் பார்க்கலாம். முகவரியின் வால்பகுதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கையேட்டில் இருக்கும். போர்ட் எனப்படும் வாசல் எண் வழக்கமாக 554. வி.எல்.சி.யில் ஓடி, செயலியில் ஓடவில்லை என்றால் குற்றவாளி செயலியோ அதன் பின்னாலுள்ள சர்வரோதான். சில கேமராக்களில் ஆர்.டி.எஸ்.பி.யை அமைப்புகளில் இயக்க வேண்டியிருக்கும். சிலவற்றில் அது இருக்கவே இருக்காது.

ஐந்தாம் படி: வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள்

என் மைத்துனர் மஸ்கட்டில் இருக்கிறார். அவருடைய தங்கை மாதவரத்தில். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் அம்மா வீட்டு வாசலைப் பார்ப்பார்கள், இருவரும் எச்.டி.யில். பெரும்பாலும் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு ஸ்ட்ரீம் வீட்டிலிருந்து மேலே ஏற வேண்டும். அந்த வீட்டில் அப்போது சிம் போட்ட சின்ன ரூட்டர். இறக்கு வேகம் 20 காட்டும். ஏற்று வேகம் மூன்றைத் தாண்டாது. கேமராவுக்கு வேண்டியது ஏற்று வேகம் மட்டுமே. வேகம் பார்க்கும் செயலியில் இரண்டாவதாக வரும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை; நீங்கள் அதை மட்டும் பாருங்கள். அதில் பாதியை மட்டுமே கேமராக்களுக்கு என்று கணக்கிடுங்கள். இருவரையும் எஸ்.டி.க்கு மாறச் சொன்னேன். "முகம் தெரியவில்லையே மச்சான்" என்றார் மைத்துனர். நேரலை எட்டிப்பார்க்கத்தான், முகம் வேண்டுமானால் பதிவை இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் என்ற வாசலைத் திறந்துவிடுமாறு சிலர் ஆலோசனை சொல்வார்கள். வேண்டாம். பல இணைப்புகளில் வீட்டுக்கென்று தனி இணைய முகவரியே கொடுப்பதில்லை, ஆகவே அது வேலையும் செய்யாது. வேலை செய்தால் இன்னும் ஆபத்து. 2016-இல் மிராய் என்ற நச்சு மென்பொருள், கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் உலகெங்கும் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. கேமராவோடு வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

சில அடையாளங்கள்

டியூப்லைட் இருக்கும் கூடத்தில் படத்தின் மேல் பட்டைகள் உருண்டுகொண்டே போனால், கேமரா 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமைப்பில் 50 அல்லது ‘பால்’ (PAL) என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பகலில் செடிகள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது ஸ்ட்ரீம் கோளாறு அல்ல. லென்சுக்குப் பின்னால் இரவில் விலகி, பகலில் மூடும் ஒரு வடிகட்டி இருக்கிறது. ‘டிக்’ சத்தம் அதுதான். அது சிக்கிக்கொண்டது. இரவு, பகல் முறைகளைக் கையால் நாலைந்து முறை மாற்றிப் பாருங்கள், சில சமயம் விடுபடும்.

இரவில் மட்டும் மூடுபனி படர்ந்தது போல் இருந்தால் கண்ணாடியைத் துடையுங்கள். கடலோரத்தில் உப்புப் படலம். மணலி, எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசு. பகலில் கண்ணுக்குத் தெரியாத படலம் அகச்சிவப்பு வெளிச்சத்தில் வெண்மையாக எரியும். சிலந்திவலையும் அப்படித்தான், காற்றில் அது ஆடும் ஒவ்வொரு முறையும் அசைவு என்று கைபேசி கத்தும். மாதம் ஒருமுறை ஈரத்துணி, பிறகு உலர்ந்த மென்துணி. சோப்புத்தூள் வேண்டாம்.

மின்வெட்டுக்குப் பிறகு ரெக்கார்டரில் ஒரு கேமரா மட்டும் காணாமல் போனால், ரூட்டர் அதற்கு வேறு ஐ.பி. முகவரி கொடுத்திருக்கலாம். ரூட்டரில் அந்தக் கேமராவுக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைக்கலாம். ‘ரிசர்வேஷன்’ என்ற பெயரில் இருக்கும். அப்போதே தேதியையும் பாருங்கள். மின்சாரம் போய்வந்தால் சில கேமராக்கள் 1970-க்கோ 2000-க்கோ திரும்பிவிடும். நேர மண்டலம் 5:30 என்றும், நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும் என்.டி.பி. இயங்குகிறது என்றும் உறுதிசெய்யுங்கள். ஏ.கே. விஸ்வநாதன் ஆணையராக இருந்தபோது சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று தெருவுக்குத் தெரு கேமரா வைக்கச் சொல்லி வலியுறுத்தியது. அப்போது வந்த கேமராக்கள் எங்கள் பகுதியில் இன்னும் நிறைய உண்டு. வண்டி காணாமல் போன நாளில் தேதி தப்பாக இருக்கும் பதிவை வைத்துக்கொண்டு நிலையத்தில் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று எதிர்வீட்டு அண்ணனைக் கேட்டால் சொல்வார்.

அதே அண்ணன் வீட்டு வாசற்படி என் கேமராவில் முழுதாகத் தெரிந்தது. எட்டடிச் சந்தில் வேறு எப்படி இருக்கும்? மறைப்புக் கட்டம் போடும் வசதி பல கேமராக்களில் உண்டு. அவர் வீட்டுக் கதவின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் போட்டுவிட்டு அவரை அழைத்துக் காட்டினேன். கேட்பதற்கு முன் செய்வது நல்லது.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிந்ததும் பகலில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் ஒருவரைத் தெருமுனையிலிருந்து வழக்கமான வேகத்தில் நடந்துவந்து, வாசலில் இரண்டு நொடி நின்று, திரும்பிப் போகச் சொல்லுங்கள். பதிவை இறக்கிக் கணினியில் ஓட்டுங்கள். நிற்கும்போது முகம் தெளிவாக இருந்து, நடக்கும்போது மட்டும் ஆவி போல் கோடாக இழுபட்டால் அது பிட்ரேட் அல்ல, ஷட்டர். ‘ஆட்டோ’வில் இருப்பதை 1/50-க்கு மாற்றுங்கள், படம் சற்று இருட்டாகும், கோடு குறையும். இன்னும் இழுபட்டால் 1/100. அதற்கும் மேல் போனால் சந்தில் வெளிச்சம் போதாது, அந்த ஒன்பது வாட் பல்பைப் பன்னிரண்டாக மாற்ற வேண்டியிருக்கும்.

சரியாக வந்த எண்களை ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்.